கடற்கரைச் சாலையில் ஒரு மௌன அஞ்சலி

ஐம்பத்திரண்டு வயதில், கதையில் வரும் ஒரு கிழ டிராகனின் உடல்நிலையை நினைத்து நான் சரியாகத் தூங்கவில்லை. வெளியே சொன்னால் வெட்கம். மாலையில் கடற்கரைச் சாலையில் நடந்தபடி அந்தக் கதையின் ஒலிநூலைக் கேட்பேன். மூன்றாம் பாகத்தின் முடிவில் அது மார்பில் ஈட்டியோடு குகைக்குள் படுத்துவிட்டது. பிழைக்குமா என்ற கவலையில்தான் நான்காம் பாகத்தைத் தொடங்கியிருந்தேன்.

அதே சாலையில் ஒருவர் தினமும் நடப்பார். முறுக்கிய நரைமீசை, இஸ்திரி கலையாத சட்டை, வட்டத் தொப்பி. நடந்துகொண்டே இருப்பவர் சில நாள் சட்டென்று நின்று, தொப்பியைக் கழற்றித் தலைகுனிவார். அன்று பிரெஞ்சுக்காரர் கட்டிய போர் நினைவுச்சின்னத்துக்கு எதிரே அப்படி நின்றார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, தோழர்களை நினைக்கிறார் போலிருக்கிறது என்று நானும் கதையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் தலைகுனிந்து நின்றேன்.

அவர் காதிலிருந்து இயர்போனை எடுத்தார்.

"போயிடுச்சு, முசே."

"யாரு?"

"கிழ டிராகன். நீங்களும் அதத்தான கேக்குறீங்க? உங்க போன்ல அட்டப்படத்தப் பாத்தேன்."

"நான் இப்பதான் நாலாவது பாகம் ஆரம்பிச்சிருக்கேன்," என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "பர்தோன், முசே," என்று பிரெஞ்சிலேயே மன்னிப்புக் கேட்டு என் தோளைத் தொட்டார். "ஆனா அவஸ்தப்படல. தூக்கத்துலயே போயிடுச்சு."

இழவு வீட்டில் தேற்றுவதுபோல் பேசுகிறவரிடம் எப்படிக் கோபப்படுவது? அவர் நிஜமாகவே சொல்தாவா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "சாவுச் சேதிதான? தலைக்கு ஊத்திட்டு வர்றீங்களா, இல்ல தோசைய எடுத்து வைக்கவா?" என்றாள்.