எட்டு கிலோ தொள்ளாயிரம் கிராம் பெண்ணைப் பெற்றவன்

பட்டுக் கடையில் தராசுக்குப் பின்னால் உட்காருகிறவனை யாருக்கும் பிடிக்காது. நெசவாளிக்குப் பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுப்பது என் வேலை. அவர் புடவையாக நெய்துகொண்டு வந்ததும் அதைத் திரும்ப நிறுப்பதும் என் வேலை. குறைந்தால் ஏன் என்று கேட்க வேண்டும், கூடினால் ஈரமா என்று தடவிப் பார்க்க வேண்டும். பெரிய காஞ்சிபுரத்தில் ஒன்பது வருஷமாக இதைச் செய்து நான் வாங்காத பேச்சில்லை. அதெல்லாம் எனக்கு உறைத்ததே இல்லை. என் மகள் ஜெனி ஒரு வயது பத்து மாதத்தில் எட்டு கிலோ தொள்ளாயிரத்தில் நின்றாளே, அப்போதுதான் பேச்சு என்றால் என்னவென்று தெரிந்தது. ஒல்லிப் பிள்ளை பெற்ற மகாஜனங்களே, உங்களுக்கு இது புதிதல்ல. மற்றவர்கள் படித்துவிட்டுக் கொஞ்சமாவது வெட்கப்படட்டும்.

முப்பது கிராம்

எங்கள் கடைக்கு நெய்கிற பெரியவர் ஒருவர் புடவை கொண்டுவந்தார். கொடுத்த பட்டுக்கும் வந்த புடவைக்கும் முப்பது கிராம் இடித்தது. கழிவு போக மீதி எங்கே என்று கேட்டேன். கேட்பதற்குத்தானே என்னை உட்கார வைத்திருக்கிறார்கள்? அன்றைக்குப் பார்த்து என் மனைவி ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல் என்று ஜெனியைக் கடைக்குத் தூக்கி வந்திருந்தேன். பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடையே கேட்கிற மாதிரி சொன்னார்:

"முப்பது கிராமுக்கு இத்தினி கேள்வி கேக்கிறியே தம்பி, உன் பொண்ணு கிட்ட ரெண்டு கிலோ குறையுது. அத யாருப்பா கேக்கிறது?"

கல்யாணப் பார்ட்டி

அதே நாள் மத்தியானம் வெளியூரிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்தது. நாற்பது புடவைகளைப் பிரித்துப் போட்டும் அந்த அம்மாவுக்குத் திருப்தியில்லை. ஜெனி பாயின் ஓரத்தில் தன்பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தாள். என்ன வயசு, என்ன சாப்பிடுவாள், எத்தனை முறை போவாள், அம்மா வேலைக்குப் போகிறவளா என்று விசாரணை ஆரம்பித்தது. வீட்டிலேயே புடவை முந்தானைக்குக் குச்சம் கட்டுகிறாள் என்றேன். "அதான் பாத்தேன், அவங்களுக்குக் குழந்தைய கவனிக்க எங்க நேரம்" என்று அவரே தீர்ப்பையும் எழுதிவிட்டார். நேரில் பார்த்தே இராத என் மனைவிக்கு! முழுங்கிக்கொண்டு நின்றேன், வாடிக்கையாளர் அல்லவா. கடைசியில் ஒரு மாம்பழக் கலர் புடவையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"புடவை எல்லாம் நல்ல வெயிட்டாத்தான் வெச்சிருக்கீங்க சார், குழந்தைய மட்டும் ஏன் இப்படி லைட்டா வெச்சிருக்கீங்க?"

தொண்ணூறு கிராம்

இதற்குப் பிறகு எனக்குப் புத்தி கெட்டது. திங்கட்கிழமை தோறும் கடை திறந்ததும் ஜெனியைப் பெரிய தராசில் உட்காரவைத்து நிறுத்து, கிராம் சுத்தமாக நோட்டில் குறிக்கத் தொடங்கினேன். இருபது கிராம் ஏறினால் நான் ராஜா. பத்து கிராம் இறங்கினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

ஒரு திங்கட்கிழமை தொண்ணூறு கிராம் குறைந்திருந்தது. அங்கேயே நின்று ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு, "என்னதான் ஊட்டுறே நீ?" என்று கத்தினேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது, பிறகு போன் வைக்கப்பட்டது. உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருந்த கமலாக்கா எழுந்து வந்து, "கொலுசு எங்க?" என்றார். இடுப்பு வெள்ளிக்கொடியும் கொலுசும் வியர்வையில் புண்ணாக்குகிறது என்று ஞாயிற்றுக்கிழமைதான் ஸ்டெல்லா கழற்றியிருந்தாள். வீட்டுக்கு ஓடி இரண்டையும் எடுத்துவந்து தராசில் போட்டேன். எண்பத்தெட்டு கிராம்! ஸ்டெல்லா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நியாயம்தான். கமலாக்கா இன்றைக்கும் விடுவதில்லை:

"நூல நிறுத்தா உருளையோட எடைய கழிக்கத் தெரியுது, பெத்த பொண்ணுக்கு கொலுசு எடைய கழிக்கத் தெரியலையா உனக்கு?"

ஆளுக்கொரு பாட்டில்

எல்லாரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள்: பால் கொடு. சர்ச்சில் சொன்னார்கள், டீக்கடையில் சொன்னார்கள். மாகறல் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, தன் ஸ்டாப்பில் இறங்கிய பிறகும் ஜன்னல் வழியாகக் கையாட்டிச் சொன்னாள். இரண்டு பாட்டில் நாலாயிற்று, நாலு ஆறாயிற்று. சத்துமாவு, பேரீச்சம்பழச் சாறு, எல்லாம் பாலில்தான். ஜெனி இட்லியைத் தொடுவதை நிறுத்தினாள். சோறு கண்டால் வாயை மூடிக்கொண்டாள். பாட்டிலைப் பார்த்தாலும் தலையைத் திருப்பினாள். நானும் ஸ்டெல்லாவும் ஒருவர் பிடித்துக்கொள்ள ஒருவர் புகட்டினோம். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. தினம் பால் ஊற்றுகிறவர் ஒரு நாள் கேனை இறக்கிவைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்:

"இன்னா சார், வீட்டுக்குள்ளயே காபி கிளப்பு வெச்சிருக்கீங்களா?"

கண்ணுக்குக் கீழே

ஒரு சாயங்காலம் ஜெனி சுவர் ஓரம் உட்கார்ந்து சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். உதடெல்லாம் வெளுத்திருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்றுகூட நினைத்தேன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அம்மாவுக்கு ஸ்டெல்லா வயதுதான் இருக்கும். என் நோட்டை நீட்டினேன், அதை ஓரமாக வைத்துவிட்டார். ஜெனியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ரத்தசோகை. தடுப்பூசி அட்டையில் இருந்த எடைக் கோட்டைக் காட்டினார். அது பிறந்ததிலிருந்து சராசரிக்குக் கீழாகவே, ஆனால் சீராக ஏறியிருந்தது. "நீங்க ரெண்டு பேரும் ஒல்லி, அவளும் ஒல்லி, அது நோயில்ல" என்றார். பால் எவ்வளவு என்று கேட்டார். பெருமையாக ஆறு பாட்டில் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பாலில் இரும்புச்சத்து இல்லை, அது வயிற்றை அடைத்துப் பசியைக் கொன்றுவிட்டது, ரத்தத்துக்கு வேண்டிய சோறும் கீரையும் முட்டையும் உள்ளே போகவே இடமில்லை என்றார். மருந்து எழுதினார். பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு நாளைக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்தச் சொன்னார். ஊரில் எல்லாரும்தான் கொடுக்கச் சொன்னார்கள் என்று நான் இழுத்தேன். அதற்கு அவர் சொன்னது:

"ஊர் சொன்னத எல்லாம் கேட்டீங்க சரி, குழந்தை வேணாம்னு தலைய ஆட்டுச்சே, அத ஏன் கேக்கல?"

ஆண்ட்டிக்குப் பதில்

மூன்று மாதம் ஆயிற்று. ரத்தம் ஏறிவிட்டது. முருங்கைக்கீரைச் சோற்றை ஜெனி தன் கையாலேயே அள்ளி, பாதியைத் தலையில் தடவி, மீதியைச் சாப்பிடுகிறாள். மாடிப்படியில் அவளைத் துரத்திப் பிடிக்க எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. எடை? ஏதோ கொஞ்சம் ஏறியிருக்கிறது. நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், தெரிந்த ஆண்ட்டி ஒருவர் ஜெனியின் கன்னத்தைக் கிள்ளி, "இன்னும் இப்படியே இருக்குதே, பால் கீல் குடுக்கிறியாமா?" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. நான் வாய் திறப்பதற்குள், இத்தனை மாதமும் எவரிடமும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத ஸ்டெல்லா முந்திக்கொண்டாள்:

"இல்ல ஆண்ட்டி, எம்பொண்ணு சோறு துண்ணுக்கினு நல்லா இருக்குது. பால் உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, பாட்டில் எடுத்தாறேன்."

காஞ்சிபுரத்தில் பாதிப் பேருக்கு என் மகளின் எடை தெரியும், ஆனால் அவளுக்குப் பசிக்கிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை, பெற்ற நான் உட்பட.