கொடிக்கம்பியில் எரிந்த டெஸ்டர்

இன்று வயரிங் சோதிக்க வந்தவரிடம் அடையாள அட்டை கேட்டேன். என் மகள் சிரித்தாள். அவளுக்குப் பழைய கதை தெரியாது.

தொண்ணூறுகளில் இராஜபாளையத்தில் வாடகைக்கு இருந்தோம். காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் நச்சரித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு காலையில் எலக்ட்ரீஷியன் ஒருவர் டெஸ்டரோடு வந்து நின்றார்.

“வீட்டுக்காரவிய அனுப்புனாவ. வயரிங் பாக்கணும்க்கா.”

பியூஸ் போனால்கூட எட்டிப் பார்க்காத மனுஷன் ஆள் அனுப்புகிறாராம்!

“வயரிங் மோசம்னு எழுதிக் குடுத்து எங்களக் கெளப்பவா வந்திய? உள்ள வராதிய!” என்று சொல்லிவிட்டு, முற்றத்துக் கொடிக்கம்பியில் ஈரத்துணியைக் காயப்போடப் போனேன்.

“யக்கா, கம்பியத் தொடாதிய!”

ஓடிவந்து கம்பியில் டெஸ்டரை வைத்தார். அதிலிருந்த குட்டி விளக்கு எரிந்தது; கம்பியில் கரண்ட்! கூரையோரத்தில் தோலுரிந்த வயர் ஒன்று கம்பியை உரசிக்கொண்டிருந்தது. துணி வாளியை வைத்துவிட்டு, அவரை உள்ளே வரச் சொன்னேன்.

மெயினை அணைத்து, வயரைச் சரிசெய்து, வீடு முழுக்கப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் எழுதிக்கொடுத்த தாளோடு வீட்டுக்காரர் வந்தார். “வயரிங் பூரா மோசமாம்மா. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன், ஒரு மாசத்துல காலி பண்ணிருங்க.”

உயிர் தப்பியது, வீடு போனது. நான் சந்தேகப்பட்டது தப்பா, சரியா? நீங்களே சொல்லுங்கள்.