கந்தப்பளை ஓடையில் ஆறுமணிக்குருவி

பனிக்காலத்தில் வந்து காலையும் மாலையும் ஆறு மணிக்குக் கூப்பிடும் ஆறுமணிக்குருவி, சித்திரை பிறப்பதற்குள் வடக்கே கிளம்பிவிடும். அதற்குள் ஒருதடவை அதன் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்று என் மனைவி செல்லம்மா நச்சரித்ததால், 1963 மார்ச் கடைசி ஞாயிறு கந்தப்பளைக்குப் போனோம். வாரம் ஆறு நாள் தேயிலைத் தோட்டத்துத் தபால் பையைத் தூக்கி நடப்பவன் நான். ஏழாம் நாளும் நடக்க எனக்கென்ன ஆசையா?

தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்குப் பின்னால் தினமும் சாயங்காலம் குருவி கூப்பிடுவதாகப் பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். நான் வேலை முடிந்து திரும்பும்போது இருட்டிவிடும்; ஞாயிறு சாயங்காலம் தூங்கிவிடுவேன். செல்லம்மாவுக்குக் கேட்கவில்லை.

"என் காது போச்சா, இல்ல இவங்க வெளையாடுறாங்களா? நான் பொறந்த தோட்டத்து ஓடையில நெறைய இருக்குங்க. அங்க கேட்டுட்டா நிம்மதி" என்றாள். பதினைந்து வருஷமாகத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் சல்லடை மெஷின் பக்கத்தில் நிற்பவள். கொஞ்ச நாளாக அவளுக்குச் சரியான தூக்கமே இல்லை.

ஹட்டனில் காலை எட்டு மணிக்கு ரயில் ஏறி, பத்துக்கு நானுஓயாவில் இறங்கினோம். நுவரெலியா ஐந்து மைல், பஸ்ஸில் முப்பது சதம். அங்கே அடுத்த பஸ்ஸுக்காகத் தூறலில் இரண்டு மணி நேரம் நின்றதில் முழங்கால் விட்டுப்போனது. கந்தப்பளையிலிருந்து ஒன்றரை மைல் ஏற்றம் வேறு.

தோட்டத்து வாசலில் காவல்காரர் மறித்தார். "யாருங்க நீங்க? தொரைகிட்ட கேட்டீங்களா?"

"நான் அஞ்சாம் நம்பர் லயத்துல பொறந்தவங்க!" என்றாள் செல்லம்மா.

"ஏம்மா கத்துற? எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. போங்க, உள்ள போங்க."

நான் சிரித்தேன். ஸ்டோரில் மெஷின் இரைச்சலில் வேலை செய்பவர்கள் எல்லாருமே வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள். இவள் கத்துவதையும் அந்தப் பழக்கம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஓடைக்கரையில் அட்டை கடிக்க உட்கார்ந்திருந்தோம். ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, இடப்பக்கக் கொய்யா மரத்தடியில் குருவி கூப்பிட்டது. நல்ல உரத்த விசில். பத்தடி தூரம்கூட இருக்காது. சந்தோஷத்தில் சட்டென்று கையைத் தூக்கினேன்.

"ஆமாங்க, கேக்குது! நல்லாக் கேக்குது!" என்றாள்.

என் கையைப் பார்த்துச் சொன்னவள், குருவியைத் தேடி வலப்பக்கம் திரும்பினாள். குருவி மறுபடி கூப்பிட்டது, மறுபடியும். அவள் இடப்பக்கம் திரும்பவே இல்லை. தூக்கிய கையை இறக்கிக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: மார்ச் முடிவதற்குள் போங்கள். அட்டைக்குக் காலில் சோப்புத் தடவிக்கொள்ளுங்கள். கந்தப்பளையிலிருந்து கடைசி பஸ் ஆறே முக்கால், நானுஓயாவில் இரவு மெயில் ரயில் கிடைக்கும். குருவி கூப்பிட்டதும் முந்திக்கொண்டு கையைத் தூக்காதீர்கள். நான் தூக்காமல் இருந்திருந்தால், அவள் எனக்காக ஒரு பொய் சொல்ல வேண்டி வந்திருக்காது.