மாமாவின் தோளில் ஒரு ஸ்வெட்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதில் நான் சாதாரண முட்டாள் இல்லை, தன்னம்பிக்கை நிறைந்த முட்டாள். சிலாங்கூர் மாநிலத்திலேயே நன்றாக உடுத்தத் தெரிந்த ஆண்பிள்ளை ஒருவன்தான் இருக்கிறான், அவன் பூச்சோங்கில் எங்கள் வீட்டு மாடியறையில் குப்புறப் படுத்திருக்கிறான் என்று மனதார நம்பினேன். அப்போது என் அலமாரியில் இருந்தவை பள்ளிச் சீருடைகள், அக்குள் கிழிந்த ஒரு கால்பந்து ஜெர்சி, போன தீபாவளிக்கு எடுத்த ஜிப்பா. அந்த ஜிப்பாவும் போட்டால் மூச்சு முட்டும்.

இந்த ஞானம் அம்மாவின் மடிக்கணினி வழியாக எனக்கு வந்தது. பள்ளி விடுமுறையில் கணக்குப் பாடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் எப்படி உடுத்துகிறார்கள் என்று விளக்கும் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செங்கல் கட்டடங்கள், கொட்டிக் கிடக்கும் மஞ்சள் இலைகள், அவற்றின் நடுவே ஒரு வேலையும் இல்லாதவர்களைப் போல நடக்கும் பையன்கள். காலர் முனையில் பொத்தான் வைத்த சட்டை. கணுக்கால் தெரிய மடித்துவிட்ட காக்கிக் கால்சட்டை. காலுறை இல்லாமல் லோஃபர் சப்பாத்து. எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்வெட்டரை மாட்டிக்கொள்ளாமல் தோளில் போட்டு, அதன் கைகளை மார்பில் லேசாக முடிந்திருந்தார்கள். முடிச்சு சரியாக நடுவில் விழக் கூடாதாம், கொஞ்சம் ஒதுங்கியிருக்க வேண்டுமாம். யோசித்துப் போட்டது போலத் தெரிந்தால் எல்லாம் போச்சு என்று காணொளிக்காரர் கண்டிப்பாகச் சொன்னார். குளிருக்கென்று பின்னிய துணியை ஏன் குளிருக்குப் போடாமல் தொங்கவிடுகிறார்கள் என்ற கேள்வி எனக்கு எழவில்லை. எழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்களோடு மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் கொள்கலன்களை ஏற்றி இறக்குவதை மேற்பார்க்கும் வேலை. வாரம் முழுக்கக் கம்பெனி கொடுத்த டீசட்டை, ஞாயிற்றுக்கிழமை பழைய கம்பெனி கொடுத்த டீசட்டை. முப்பது வயது தாண்டிவிட்டது. அவரை வளர்த்தவர் என்ற உரிமையில் அம்மா அவருக்குப் பக்கத்து நகரமான கிள்ளானில் ஒரு பெண் பார்த்திருந்தார். பெண்ணின் அப்பா லோரிகள் வைத்திருப்பவர். படம் போய், படம் வந்து, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக அம்மா வாக்கும் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம்தான் மாமா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"டேய், நீதான் ஸ்டைல் பத்தியெல்லாம் படிக்கிறியே. பொண்ணு பாக்கப் போறப்ப என்னா போட்டுக்கலாம்?"

என் வாழ்க்கையில் ஒரு பெரியவர் என்னிடம் ஆலோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. பொங்கிவிட்டேன். சட்டை, காக்கி, லோஃபர் என்று வரிசையாகக் கொட்டினேன். யார் சொன்னாலும் கேட்காத மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"ஸ்வெட்டரா?"

"ஆமா மாமா. தோள்ல."

"போட்டுக்கக் கூடாது?"

"கூடாது. சும்மா தொங்கணும்."

மாமாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "சூப்பர்டா. இன்னும் இதே மாதிரி வேற ஏதாச்சும் இருக்கா?"

இங்கே உங்களிடம் ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அப்போது தெரியாத விஷயம் அது. மாமாவுக்குக் கோலாலம்பூர் பக்கம் செந்தூலில் மனதுக்குப் பிடித்த ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரியில் தாதி வேலை பார்ப்பவர். கிரேனுக்குக் கீழே பயமில்லாமல் நிற்கும் மாமாவுக்கு, அதை அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. ஆக, கிள்ளான்காரர்களே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மானமுள்ள எந்தக் குடும்பமும் வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடிய ஓர் அலங்காரம் வேண்டும். அதற்காக அவர் ஊரெல்லாம் யோசித்துத் தேர்ந்தெடுத்த நிபுணர்தான் நான். நானோ, என் ரசனையின் அருமை கடைசியில் ஒருவருக்காவது தெரிந்ததே என்று புல்லரித்துப்போயிருந்தேன்.

சனிக்கிழமை இருவரும் பண்டல் கடைக்குப் போனோம். ஜப்பானிலும் கொரியாவிலும் உடுத்திக் கழித்த துணிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் கடை. ஒரு மணிநேரம் குடைந்து, இளஞ்சிவப்புச் சட்டை ஒன்றும், தந்த நிறத்தில் கழுத்தோரம் நீலக்கோடு போட்ட கனத்த ஸ்வெட்டர் ஒன்றும் எடுத்தேன். அதன் மார்பில் ஏதோ ஒரு ஜப்பானியப் பள்ளியின் சின்னம் இருந்தது. லோஃபர் மெரூன் நிறத்தில் கிடைத்தது. மாமாவின் காலுக்குக் கொஞ்சம் சிறியது, ஆனால் மெரூன். கடைக்கார மலாய் அண்ணன் ஸ்வெட்டரைப் பையில் போடும்போது, கேமரன் மலைக் குளிருக்கா போறீங்க என்று மலாயில் கேட்டார். கிள்ளானுக்கு என்றார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை மாமா மாடிப்படியில் இறங்கி வந்தபோது அம்மா பழத்தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டார்.

"என்னடா இது கோலம்?"

"இதான்க்கா இப்ப ஸ்டைலு. பையன் சொன்னான்."

"அவன் சொன்னா நீ கேப்பியா? அவனுக்கு இன்னும் மூக்கச் சிந்தத் தெரியாது!"

"படிச்சிருக்கான்க்கா."

அம்மாவுக்குச் சண்டையை வளர்க்க நேரமில்லை, ராகு காலத்துக்கு முன்னால் கிளம்பியாக வேண்டும். அப்பாவுக்கு அன்று வேலை. மூவரும் மாமாவின் காடியில் ஏறினோம். அதில் ஏர்கோன் கெட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. வழியெல்லாம் மாமா வியர்த்துக்கொண்டே விசிலடித்தார். பெண் பார்க்கப் போகிற சந்தோஷம் என்று அம்மா நினைத்தார். என் தேர்வின் மேல் வைத்த நம்பிக்கை என்று நான் நினைத்தேன்.

கிள்ளான் வீட்டின் வாசலிலேயே என் கல்விக்கு முதல் அடி விழுந்தது. எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். மாமாவும் லோஃபரைக் கழற்றி, கேட் ஓரம் கிடந்த ரப்பர் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த அலங்காரத்தின் அஸ்திவாரமே போய்விட்டது. காணொளியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அமெரிக்கப் பையன்கள் பெண் பார்க்கப் போவதில்லை போலிருக்கிறது, போனாலும் சப்பாத்தோடு சோபாவில் ஏறிவிடுகிறார்கள் போலிருக்கிறது.

உள்ளே உட்கார்ந்தோம். லோரிக்கார அங்கிள் மாமாவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"தம்பிக்குக் காய்ச்சலா?"

மாமா பதில் சொல்வதற்குள் அந்த வீட்டு ஆன்டி எழுந்து மின்விசிறியை நிறுத்திவிட்டார். ஜன்னலையும் சாத்தினார். "காத்து பட்டா ஏறிடும். மொதல்ல சூடா இஞ்சி போட்டுக் கோப்பி குடிங்க. பசியாறிட்டீங்களா?"

கிள்ளான் வெயிலில், மூடிய அறையில், ஏழெட்டுப் பேர் விசிறி இல்லாமல் அவிந்தோம். அம்மாவின் பவுடர் கோடு கோடாக இறங்கியது. அங்கிள் மட்டும் அம்மாவிடம் சாய்ந்து, "காய்ச்சலோட வந்திருக்காரு பாருங்க. இன்னிக்கு வேற ஆளா இருந்தா போனப் போட்டு வரலன்னு சொல்லிருப்பான்" என்றார். மாமாவின் விசில் முகம் கொஞ்சம் சுருங்கியது. புகழ்ந்தால் ஏன் சுருங்குகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அப்போது நாங்கள் பார்க்க வந்த அக்கா கோப்பித் தட்டோடு வந்தார். கறுப்புச் சுடிதார். தலையில் பூ இல்லை. ஆன்டி பல்லைக் கடித்துக்கொண்டு, மாத்திட்டு வரச் சொன்னேன்ல என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. எனக்கோ மரியாதை பொங்கியது. கறுப்பில் யாரும் தப்பாகத் தெரிய மாட்டார்கள் என்று காணொளிக்காரர் சொன்னதை இந்த அக்காவும் கேட்டிருக்கிறார்.

வந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார். தரையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். வாசலிலிருந்து சோபா வரைக்கும் வெள்ளை ஓடுகளின் மேல் மெரூன் நிறத்தில் காலடித் தடங்கள், விரல் விரலாக. வியர்வையில் சப்பாத்தின் சாயம் கரைந்து, கல்யாண மாப்பிள்ளைக்கு நலங்கு வைத்தது போல மாமாவின் பாதங்கள் கணுக்கால் வரை சிவந்திருந்தன.

"ஐயோ, ரத்தமா?" என்றார் ஆன்டி.

"சாயம்" என்றார் மாமா.

அக்கா சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை, தட்டில் கோப்பை கலகலத்தது.

இந்த இடத்தில் மாமா சும்மா உட்கார்ந்திருந்தால் அவருடைய திட்டம் ஜெயித்திருக்கும். ஆனால் அவர் எங்கள் வீட்டில் வளர்ந்தவர். அம்மா துடைத்த தரையில் கறை வைத்தவன் சாப்பாட்டுக்கு முன்னால் அதைத் துடைத்தாக வேண்டும். அது ரத்தத்தில் ஊறிய பயம். யோசிக்காமல் தோளிலிருந்த ஸ்வெட்டரை உருவி, மண்டியிட்டு, சோபாவிலிருந்து வாசல் வரை பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து ஒவ்வொரு தடத்தையும் அழுத்தித் துடைத்தார். மூலையைக்கூட விடவில்லை. அந்தத் தந்த நிற ஸ்வெட்டருக்கு நேர்ந்த கதியைப் பார்த்து எனக்கு அழுகை முட்டியது. ஆன்டிக்கும் கண் கலங்கியிருந்தது, ஆனால் காரணம் வேறு.

"இவ்ளோ வருஷத்துல இவரு ஒரு நாளு தரையத் தொடச்சிருப்பாரா?" என்று புருஷனைக் காட்டி அம்மாவிடம் கேட்டார்.

ஸ்வெட்டரை ஊறவைக்கச் சொல்லி என்னைச் சமையலறைக்கு அனுப்பினார்கள். வாளி எடுத்துக்கொடுக்க அந்த அக்காவும் வந்தார்.

"தம்பி, உங்க மாமாவுக்கு நெசமாவே காய்ச்சலா?"

"இல்லக்கா. அது ஸ்டைலு. அமெரிக்காவுல காலேஜ் பசங்க அப்படித்தான் போடுவாங்க."

"உங்க மாமா எந்தக் காலேஜு?"

"அவரு ஸ்கூல்லயே ஃபோர்ம் ஃபைவோட நிறுத்திட்டாருக்கா."

அக்கா பனிப்பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். "யாரு குடுத்த ஐடியா இது?"

"நான்தான்."

"நல்லா பண்ணே லா. இந்தக் கோலத்துக்கு எங்கப்பா..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உங்க மாமா என்ன சொல்வாரு?"

அவர் முகத்தில் அவ்வளவு ஆவல். எனக்கு இரக்கமாகிவிட்டது. "சரின்னுதான்க்கா சொல்வாரு. நீங்க கவலப்படாதீங்க" என்று ஒரு பெரிய மனிதனைப் போலத் தைரியம் சொன்னேன்.

சிரிப்பு நின்றது. அக்கா வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஷாலால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓர் உடைக்கு இவ்வளவு சக்தியா என்று நான் பிரமித்தேன்.

நாங்கள் இருவரும் கூடத்துக்குத் திரும்பியபோது விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவும் ஆன்டியும் நாள்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிள் மாமாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

"எங்களுக்குப் பூரண சம்மதம், மாப்ள."

மாமா, கடைசி நிமிடத்தில் சொந்த வலைக்குள்ளேயே பந்தை அடித்துவிட்ட ஆட்டக்காரரைப் போல நின்றார். திரும்பும் வழியில் அம்மா ஒவ்வொரு சொந்தக்காரராகப் போனில் அழைத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். மாமா பூச்சோங்குக்குத் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். நான் பின்சீட்டிலிருந்து, "கல்யாணத்துக்கு நேவி புளூ பிளேசர் மாமா, கடைசிப் பொத்தானை மட்டும் போடவே கூடாது" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் என்னைக் கண்ணாடியில் பார்த்த பார்வையை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

ஜெயித்த வீட்டில் ஏன் சண்டை நடக்கிறது என்று அடுத்த சில நாட்கள் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. மாமா செந்தூல் கதையைச் சொல்லிவிட்டார். அம்மா பாத்திரங்களோடு மட்டும் பேசினார். பிறகு ஒரு மாலை, கிள்ளானுக்குப் போன் அடித்து மன்னிப்புக் கேட்டார். அந்த ஆன்டி என்ன சொன்னாரோ, அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

செந்தூல் தாதி எங்களுக்கு அத்தையாக வந்தார். மாமா பட்டு வேட்டியில் தாலி கட்டினார், என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் எனக்குள் அந்தக் கிள்ளான் அக்கா உட்கார்ந்துவிட்டார். இப்படி உடுத்தத் தெரிந்த ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போய், ஆனந்தக் கண்ணீரும் விட்டு, கடைசியில் ஏமாந்துபோனாரே என்று வருடக்கணக்காக வருத்தப்பட்டேன். இன்று ஆண்களுக்கு உடை ஆலோசனை சொல்லிக் காணொளி போடுவதுதான் எனக்குப் பிழைப்பு. அத்தை என்னைப் பண்டல் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார். லோஃபர் பற்றிக் கேட்கிறவர்களிடம் முதலில் சாயத்தைச் சோதிக்கச் சொல்வேன். அந்த அக்காவைப் பற்றி மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

போன தீபாவளிக்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸில் அவரைப் பார்த்தேன். பலகாரக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றார், கழுத்தில் அலுவலக அட்டை, கையில் முறுக்குப் பொட்டலம். நான் யாரென்று சொன்னதும் அடையாளம் தெரிந்து அன்று போலவே சிரித்தார். மாமாவின் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். அவர் முகத்தில் துளி வருத்தமில்லை. அது எனக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது.

இத்தனை வருடமாக நெஞ்சில் கிடந்த கேள்வியைத் தொழில் ஆர்வத்தோடு கேட்டேவிட்டேன். "அக்கா, அன்னிக்கு எங்க மாமாவுக்கு ஓகே சொன்னீங்களே, எதைப் பாத்து? சட்டையா, ஸ்வெட்டரா?"

அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

"என்னைய யாரு கேட்டா?"