வலிக்கிறதா என்று கேட்டார்கள், கம்ப்பான் சிரித்தார்

ஒரு நாளைக்கு அறுநூறு உதை வாங்கும் வேலை கிடைத்தால் நீங்கள் போவீர்களா? கம்ப்பான் இருபத்திரண்டு வருஷம் போனார்.

தாய்லாந்தில் கோராத் பக்கம், காலாலும் உதைத்து ஆடும் எங்கள் குத்துச்சண்டை முகாமில் மெத்தை பிடிப்பது அவர் வேலை. இரண்டு கைகளிலும் தடித்த தோல் மெத்தைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். வீரர்கள் மாறி மாறி வந்து உதைப்பார்கள். உதை விழுவது கையில், அதைத் தாங்குவது முட்டி. குறி தவறிய உதைகளில் மூன்று விலா எலும்பும் ஒருமுறை தாடையும் உடைந்தன. அதற்கு முன்னால் அவரே நூற்று நாற்பது சண்டை போட்டவர். எங்கள் ஆட்டத்தில் அடிபட்டவன் முகம் சுளித்தால் நடுவர்கள் அடித்தவன் பக்கம் சாய்வார்கள். அதனால் அடி விழுந்ததும் வலிக்கவில்லை என்று சிரித்துத் தலையாட்ட வேண்டும். அந்தச் சிரிப்பு கம்ப்பானின் முகத்தில் தழும்பு மாதிரி ஒட்டிவிட்டது.

ஐம்பது வயதில் வலது முட்டி தேய்ந்தது. முகாமில் சமைக்கும் அவர் மனைவி லம்யாய்தான் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் நரிசரா முட்டியை அழுத்தி, வலிக்கிறதா என்றார். கம்ப்பான் இல்லை என்று சிரித்துத் தலையாட்டினார். டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துத்தான் தேய்மானத்தைப் புரிந்துகொண்டு ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார்.

வேறு நல்ல ஊசி உண்டா என்று லம்யாய் விடாமல் கேட்டிருக்கிறாள். டாக்டரும் மறைக்கவில்லை. ஸ்டீராய்டு சில வாரம் வலியை அடக்கும், தேய்ந்ததை வளர்க்காது. அடிக்கடி போட்டால் மிச்சமிருக்கும் குருத்தெலும்பும் கெடலாம், ஆகவே மூன்று மாதத்துக்குள் அடுத்தது கிடையாது. மூட்டுக்குள் விடும் ஜெல் விலை அதிகம். சிலருக்குக் கொஞ்சம் பலன், மொத்தத்தில் வெறும் உப்புநீர் ஊசியைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. சொந்த ரத்தத்திலிருந்து பிரித்துப் போடும் ஊசியைப் பற்றி ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. தொடைத் தசையைப் பலப்படுத்து, மெத்தை பிடிப்பதை நிறுத்து என்பதைத்தான் சீட்டில் முதலில் எழுதினார்.

ஐந்து வாரத்தில் வலி திரும்பியது. திருவிழாச் சண்டைகள் நெருங்கிக்கொண்டிருந்தன. முகாம் முதலாளி தவோன், ஊர் ஊராகப் போய் ஊசி குத்தும் பிரசோப்பைக் கூட்டிவந்தார். அவனுக்குப் படிப்பும் இல்லை, உரிமமும் இல்லை.

"ஆஸ்பத்திரியில போட்டதும் இதுதான்டா," என்றார் தவோன். "மூணு மாசம் காத்திருன்னு சொல்றவங்களுக்கு மாசா மாசம் சம்பளம் வந்துடுது. உனக்கு?"

சனிக்கிழமைதோறும் ஊசி. பிரசோப் கையைக்கூடக் கழுவியதில்லை. சுற்று முடிந்தால் மணி அடிக்கும் நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன், வாய் திறக்கவில்லை. வலி செத்துப்போனதால் கம்ப்பான் முன்னைவிட வெறியோடு மெத்தை பிடித்தார். உள்ளே எலும்பு எலும்பைத் தின்றுகொண்டிருந்தது.

ஏழாவது ஊசிக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது. முட்டி பப்பாளிப் பழம் போல வீங்கிப் பளபளத்தது. ஆஸ்பத்திரியில் நரிசரா கேட்டதற்கு, "கொஞ்சம் வீக்கம்தாம்மா," என்று சிரித்தார். வேறு யாராவது ஊசி போட்டார்களா என்றதற்கு இல்லை என்றார். முதலாளியைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம்.

லம்யாய் முஷ்டியை ஓங்கி அந்த முட்டியின் மேலேயே இறக்கினாள். அவர் அலறியதில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"சிரிச்சுக்கிட்டே சாகாதய்யா," என்றாள். "ஏழு ஊசி போட்டிருக்காங்க டாக்டர். என்ன மருந்துன்னு யாருக்கும் தெரியாது."

டாக்டர் ஊசியால் உறிஞ்சினார். சீழ் வந்தது. கால் போகலாம், விஷம் ரத்தத்தில் ஏறினால் உயிரும் போகலாம், உடனே திறந்து கழுவ வேண்டும் என்றார். அந்த மருந்துக் குப்பி கிடைத்தால் கொண்டுவரச் சொன்னார்.

லம்யாய் முகாமுக்கு வந்தபோது பிரசோப் இன்னொருவன் தோளில் குத்திக்கொண்டிருந்தான். குப்பியைக் கேட்டாள். தொழில் ரகசியம் என்று பெட்டியை மூடினான். மூடிய கையோடு சேர்த்துப் பெட்டியை மிதித்தாள், குப்பிகள் உடைந்து சிதறின, விரல் நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. தவோன் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தார். சுவரில் மோதி நெற்றி கிழிந்தது. அவர் மணிக்கட்டைக் கடித்துப் பிய்த்துக்கொண்டு, சிதறிய கண்ணாடி மேல் தவழ்ந்து, உடையாத ஒரு குப்பியை எடுத்தாள். பெயர்ச்சீட்டு பிளேடால் சுரண்டப்பட்டிருந்தது. ரத்தம் வழியும் முகத்தோடு அதை என்னிடம் நீட்டி, "நீயும் பார்த்துக்கிட்டுத்தானே நின்ன," என்றாள்.

மூன்று முறை திறந்து கழுவினார்கள். உயிர் நின்றது, காலும் நின்றது. முட்டி இனி மடங்காது. குப்பியில் என்ன இருந்தது என்பது இன்னும் தெரியவில்லை.

போலீஸ் வழக்குப் போட்டிருக்கிறது. யார் மேல் தெரியுமா? லம்யாய் மேல். விரலை உடைத்தாளாம், கடித்தாளாம். ஒரு மனிதனின் காலை ஏழு சனிக்கிழமை வைத்து அழித்தவனுக்குக் கைக்கட்டோடு பக்கத்து முகாமில் வேலை நடக்கிறது.

வருகிற செவ்வாய் விசாரணை. அந்தச் சனிக்கிழமைகளில் நின்று பார்த்தவர்கள் என்னோடு பதினோரு பேர். நான் சாட்சி சொல்லப் போகிறேன். மற்ற பத்துப் பேரும் வாருங்கள். நம் ஊர்க்காரர் இல்லாத நீங்களும் பெயரில்லாத குப்பியோடு திரியும் ஒருவனைப் பார்த்திருப்பீர்கள். அவன் பெயரை, வந்த நாளை, குத்திய ஆளை ஒரு தாளில் எழுதி, கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டு, இன்றைக்கே சுகாதார அலுவலகத்தில் கொடுங்கள்.