சகலையின் தேயிலைப் பெட்டி

தேயிலை வந்து இறங்கிய பழைய பலகைப் பெட்டி அது. அடியில் ஒரு நாற்பது வாட் பல்பு, நடுவில் கம்பி வலைத் தட்டு, பக்கங்களில் சுண்டுவிரல் நுழையும் துளைகள். மூடியை முழுக்க மூடாமல், இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு குச்சியை முட்டுக்கொடுத்து வைத்திருப்பார் என் சகலை. நனைத்துக் கட்டை அச்சில் இழுத்துப் பொருத்திய தோலை அதற்குள் வைத்துவிட்டு அவர் பாட்டுக்கு ஷிப்டுக்குப் போய்விடுவார். இரண்டு மூன்று நாளில் அது அச்சின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, சுருக்கமோ வெடிப்போ இல்லாமல் காய்ந்திருக்கும். அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அறுபதுகளின் தொடக்கத்து நெய்வேலி. சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். என்னைவிட ஆறு வயது இளையவர். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்பு வேலையில் பர்மனென்ட். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், குவார்ட்டர்ஸில் கரண்ட். நான் காண்ட்ராக்ட் கூலி. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, சிம்னி விளக்கு. தோல் வேலை மட்டும் என்னுடையது. டார்ச்சுக்கு, கத்திக்கு, அளவு டேப்புக்கு என்று உறை செய்து கொடுப்பேன். அவர் நாலு ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், அவ்வளவுதான். ஐந்தாவது ஞாயிறு அவர் கொண்டுவந்து காட்டிய டார்ச் உறையில் முனை மடிப்பே தெரியவில்லை. "நல்லாத்தான் வந்திருக்குது" என்று சொல்லிவிட்டு, நான் செய்துகொண்டிருந்த உறையைத் துணி போட்டு மூடினேன்.

மழைக்காலத்தில் வித்தியாசம் பட்டவர்த்தனமாகத் தெரியும். என் வீட்டில் நாலு நாளானாலும் தோலில் ஈரம் போகாது, பூஞ்சணம் பூக்கும். அவசரத்துக்குப் பழுப்பு நிலக்கரி அடுப்பின் ஓரத்தில் வைப்பேன். அந்தக் கரி இருக்கிறதே, சாம்பலைப் போர்த்திக்கொண்டு அணைந்த மாதிரி கிடக்கும், உள்ளே தணல் அப்படியே இருக்கும். அதை நம்பி எத்தனை தோலைப் பாழாக்கியிருப்பேன், பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டுவிடும். "சின்னவ வூட்டுல பல்பு போட்டுக் காய வெக்கிறாங்க. நீங்க இன்னமும் கரியில சுட்டுக்கினே இருங்க" என்பாள் என் மனைவி. சகலை அப்படிக் குத்திப் பேசமாட்டார். "தோலுக்குச் சூடு ஆவாது சகலை, காத்துதாங்க வேணும். கைய உள்ள வுட்டா, கைக்கொழந்தைக்கு ஊத்துற தண்ணி மாதிரி வெதுவெதுன்னு இருக்கணும். அதுக்கு மேல போனா போச்சு" என்பார். என் தொழிலை எனக்கே சொல்லித் தருகிறானே என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அந்த ஐப்பசியில் சர்வே ஸ்டோரில் ஒரு இடம் காலியானது. கருவிகளின் தோல் உறைகளைச் செய்வதும் பழுது பார்ப்பதும் வேலை, பர்மனென்ட். ஸ்டோர் அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, வட்டமான திசைகாட்டி ஒன்றைக் கொடுத்து அளவெடுக்கச் சொன்னார். "திங்கக்கிழமை ஆளுக்கு ஒரு உறை செஞ்சிட்டு வாங்க. எதுல இது ஆடாம உக்காருதோ, அவருக்கு வேலை" என்றார். நான் காண்ட்ராக்டிலிருந்து கரையேற அது ஒன்றுதான் வழி. இருக்கிற பர்மனென்ட் போதாதா இவருக்கு என்று பொருமினேன். சுரங்கத் தண்ணீரில் நின்று நின்று அவர் கால் விரலிடுக்கெல்லாம் வெந்து புண்ணாகியிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் பொருமினேன்.

"இந்த மழையில உங்க வூட்டுல எங்க காயும்? நம்ம பெட்டியிலயே வெச்சிடுங்க சகலை" என்று அவரே கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை இரண்டு உறைகளும் அச்சோடு ஒரே தட்டில் உட்கார்ந்தன.

ஞாயிறு காலை போனேன். அவர் ஷிப்டில் இருந்தார். "பின்னாடிதான் இருக்குது, பாத்து எடுத்துக்குங்க மாமா" என்று கொழுந்தியாள் அடுப்படியிலிருந்தே சொன்னாள். என்னுடையது மெல்லிய தோல், காய்ந்திருந்தது. அவருடையது கனத்த தோல். அடியில் தொட்டால் இன்னும் ஜில்லென்றிருந்தது, ஒரு நாள் வேண்டும். ஆனால் அதன் வளைவும் விளிம்பும் அப்படி வந்திருந்தன. என்னுடையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. தட்டின் ஓரத்தில் இருந்த அவர் உறையைப் பல்புக்கு நேர் மேலே நகர்த்தினேன். குச்சியை உருவித் தரையில் போட்டேன். என்னுடையதை எடுத்துக்கொண்டு மூடியை அழுத்தி மூடினேன். அதன்பிறகு கொழுந்தியாள் கொடுத்த காபியையும் உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

சாயந்திரம் அவர் திறந்தபோது உறை அச்சைக் கவ்விக்கொண்டு, விளிம்பு வெடித்து, கொட்டாங்கச்சியாக விறைத்திருந்ததாம். பெருக்கும்போது தான்தான் குச்சியைத் தட்டிவிட்டிருப்பேன் என்று கொழுந்தியாள் அழுதிருக்கிறாள். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. புதிதாக ஒன்று செய்து காயவைக்க நாளும் இல்லை.

அந்த ஸ்டோரிலிருந்துதான் நான் ரிட்டையர் ஆனேன். குவார்ட்டர்ஸ் வந்தது, கரண்ட் வந்தது, பிள்ளைகள் டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். அவர் கடைசிவரை பம்பிலேயே நின்றார். இன்று அவருக்குச் செருப்பு மாட்ட முடியாத கால்கள். கொழுந்தியாள் இன்னமும் அது தன்னால் கெட்டது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் சொல்லவில்லை. எப்போதாவது அவர்கள் வீட்டில் தங்கினால், அவர் படுத்ததும் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

அந்தத் திங்கட்கிழமை காலை, புண்காலோடு ஸ்டோர் வரை எனக்குத் துணையாக நடந்து வந்தார் அவர். வாசலில் என் உறையை வாங்கி, தன் தோள் துண்டால் பளபளவென்று துடைத்து, என் கையில் கொடுத்தார்.

"நல்லவேளை சகலை, உங்களுதயாவது நேரத்தோட எடுத்துட்டீங்க" என்றார்.