இடது காலுக்கு வேலையில்லை

சிவராமகிருஷ்ணன் வங்காளத்தில் ஒரு துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிரேன்களைச் சோதித்து அறிக்கை எழுதி ஓய்வு பெற்றவர். பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை என்பது அவர் பெருமை. அதுதான் அவரைக் கவிழ்த்தது.

டாக்குரியா அடுக்குமாடியில் அவருக்கு ஒரே ஒரு கார் நிறுத்துமிடம். இருபத்தாறு வருடமாக அதில் வெள்ளை அம்பாசடர் நின்றது. நியூ டவுனில் வேலை பார்க்கும் மகன் கௌசிக், அப்பாவின் சௌகரியத்துக்கென்று ஒரு மின்சார ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்து வாசலை அடைத்து நிறுத்தினான். சௌகரியம் செய்துதர முடிவெடுத்துவிட்டவர்களிடமிருந்து தப்புவது கஷ்டம்.

“ரெண்டுல ஒண்ணு போயாகணும்ப்பா. எதுன்னு நீயே சொல்லு.”

“ஓட்டிப் பார்க்காம எப்படிடா சொல்றது? ஒரே ரோடு, ஒரே ஆள், ரெண்டு வண்டி. எழுத்துலயே குடுத்துடறேன்.”

எந்த தைரியத்தில் சொன்னாரோ, அவருக்கே தெரியாது. அம்பாசடர் தோற்றால் அது போய்விடும். அவருக்கு ஓட்டத் தெரிந்த வண்டியோ அது ஒன்றுதான்.

ஞாயிறு காலை அலிப்பூர்வரை போய்வந்தார்கள். முதலில் அம்பாசடர். திருப்பத்துக்குத் தோள்பட்டை வேண்டும். பிரேக் போட அரைத் தெரு முன்பே தீர்மானிக்க வேண்டும். டாக்குரியா பாலத்தில் அது முனகுவது அடுத்த பேட்டையான கரியாஹாட்வரை கேட்கும். ஆனால் எந்த முனகலுக்கு என்ன செய்ய வேண்டுமென்று அவர் கைகால்களுக்கு மனப்பாடம்.

அடுத்தது புதியது. பாலத்தில் ஏறியதே தெரியவில்லை. பின்சீட்டிலிருந்து மனைவி சுப்புலக்ஷ்மி கேட்டாள்: “ஏன்னா, நான் பேசறது கேக்கறதோ?”

“கேக்கறது.”

“அப்போ இத்தனை வருஷமா பதில் வராததுக்கு அந்த வண்டிதான் காரணமாக்கும்!”

அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, கௌசிக் எழுதிக்கொண்டான். திருப்பம்: புதியது. ஏற்றம்: புதியது. குலுக்கல்: சந்தேகமே இல்லை, புதியது.

திரும்பும்போது கோல்பார்க்கில் சிக்னல் மஞ்சளானது. இடது கால் தன் வழக்கப்படி கிளட்ச்சைத் தேடிப் போயிற்று. கிடைத்தது அகலமான பிரேக். முழு பலத்தோடு மிதித்தது. வண்டி அங்கேயே ஆணியடித்தாற்போல் நின்றது. பின்னால் கிறீச்சிட்ட மினிபஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, “கீ கொர்ச்சேன், தாது?” என்று கத்தினான். என்ன செய்கிறீர், தாத்தா? போன வருடம்வரை இதே கண்டக்டர்கள் அவரை ‘தாதா’, அண்ணா, என்றுதான் திட்டுவார்கள்.

பாலத்தில் மறுபடியும். இறக்கத்தில் மூன்றாம் முறை.

“அப்பா, இடது காலை மடக்கி வெச்சுக்கோ. அதுக்கு இதுல வேலையே கிடையாது.”

“எனக்குத் தெரியறது. அதுக்குத் தெரியலையே!”

“இறங்குப்பா. நான் ஓட்டறேன்.”

வீட்டுக்கு வந்ததும் கௌசிக் காகிதத்தை நீட்டினான். ‘பிரேக்’ என்ற வரி மட்டும் காலியாக இருந்தது. சிவராமகிருஷ்ணன் பேனாவை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ‘புதியது, மிகச் சிறப்பு’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

“ஓட்ட ஒரு டிரைவர் போட்டுடலாம்ப்பா” என்றான் மகன், ஆறுதலாக.

புதன்கிழமை அம்பாசடரை எடுத்துப்போக ஒருவன் வந்தான். கியர் விழாமல் கறகறவென்று அரைத்தது. பால்கனியில் நின்ற சிவராமகிருஷ்ணனுக்குப் பொறுக்கவில்லை.

“கிளட்ச்சை முழுசா அமுக்குப்பா, முழுசா!” என்று வங்காள மொழியில் கத்தினார். கீழே அவன் அமுக்கினான். மேலே அவருடைய இடது கால் பால்கனித் தரையை அமுக்கியது.

கியர் சத்தமில்லாமல் விழுந்தது. வண்டி போயிற்று.